நான்காம் எண் சிவப்பு

ஆம்ஸ்டர்டாம், 9 ஏப்ரல் 1684

இல்லை, மயிலைப் படத்தின் நடுவில் வைக்க மாட்டேன். உங்கள் காரியக்காரர் ஸ்டோஃபெல் மறுபடி கேட்டால் அப்படியே சொல். மயில் எல்லார் வீட்டுச் சுவரிலும்தான் நிற்கிறது. கிழக்கே பத்தாவியாவிலிருந்து கப்பலில் ஓர் இருவாச்சிப் பறவையை உயிரோடு வரவழைத்த உங்கள் முதலாளி பெர்க்ஹௌட் ஐயா அதை மயிலின் வாலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கவா விரும்புவார்?

அண்ணா, நான் சுகம். நீயும் நேல்ட்ஜே அண்ணியும் எப்படி? அண்ணியின் பல்வலி தீர்ந்ததா? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஐயாவின் தோட்ட அறையில் வடக்குச் சுவர் முழுவதும் என் படம்தான் வரப்போகிறது. குளம், உடைந்த தூண், தூரத்தில் மரங்கள். வாத்து, கூழைக்கடா, கொக்கு எல்லாம் அப்பா விட்டுப்போன மாதிரித் தாள்களில் இருக்கின்றன. இருவாச்சி இல்லை. இந்த ஊரில் யாரும் அதை வரைந்ததில்லை. ஒப்பந்தத்தில் ‘உயிரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அக்டோபரில் பெர்க்ஹௌட் ஐயா விருந்தினருக்குக் காட்டும்வரை வெளியார் யாரும் கூண்டருகே போகக்கூடாதாம். வரைகிறவளும் வெளியாளாம். ஸ்டோஃபெல் சொன்னது: “பறவை பாத்துக்கறவன் உன் அண்ணன்தானே? அவன் கண்ணால பாத்துக்கோ.”

ஆகவே என் கண் நீதான். இத்துடன் ஒரு தோல் பட்டை வைத்திருக்கிறேன். பதினான்கு நிறங்கள், பதினான்கு எண்கள். பகல் வெளிச்சத்தில் பறவைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து எண்ணை எழுது. ‘ஒரு மாதிரிச் சிவப்பு’ என்று எழுதாதே. அப்பா உன்னைப் பட்டறையிலிருந்து அனுப்பியது உன் கை சரியில்லை என்றுதான். உன் கண்ணை அவர் குறை சொன்னதில்லை.

ஓவியர் சங்கம் எனக்கு நவம்பர் வரை தவணை கொடுத்திருக்கிறது. இந்தப் படம் அந்தச் சுவரில் ஏறினால் பதிவேட்டில் என் பெயர் ஏறும், பட்டறை என்னுடையதாக இருக்கும். இல்லாவிட்டால் வேறொருவர் பெயருக்குக் கீழே உட்கார்ந்து அவருடைய புல்லை வரைவேன்.

அண்ணிக்குக் கிராம்பு வைத்திருக்கிறேன்.
ஹில்லே


லெய்டன் அருகே, 25 ஏப்ரல்

அன்புத் தங்கை ஹில்லேவுக்கு, கர்த்தரின் கிருபையால் நானும் உன் அண்ணியும் நாற்பத்தொரு பறவைகளும் சுகம். கிராம்பு வருவதற்குள் பல்லைப் பிடுங்கியாயிற்று. கிராம்பைக் கஞ்சியில் போட்டுவிட்டாள்.

மயில் விஷயத்தை ஸ்டோஃபெலிடம் சொன்னேன். “உன் தங்கச்சிக்கு வாய் நீளமா, தூரிகை நீளமா?” என்றார். “ரெண்டுக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க ஐயா” என்று நழுவிவிட்டேன்.

மூக்கின்மேல் கொம்பு, அதன் முனை வானத்தைப் பார்த்து வளைந்திருக்கும். கொம்பு எண் 4. மூன்று நாள், மூன்று வேளை பிடித்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. மூக்கு நுனி 12. கண் 5. இமையில் முடி இருக்கிறது ஹில்லே, நம் எல்லாரையும்விட நீளமாக. பார்க்கும்போது ஏதோ கேட்டுவிட்டு நம் பதிலுக்குக் காத்திருப்பது போலிருக்கிறது.

வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. மூக்கை அதில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நேற்று என் கையில் தலையைச் சாய்த்தது, சட்டைக் கை ஆரஞ்சாகிவிட்டது. “பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ” என்கிறாள் உன் அண்ணி. அவளை மட்டும் எட்டினால் கொத்துகிறது. என்னையும் இறக்கையைத் தொட விடாது.

திராட்சையைத் தூக்கிப் போட்டால் காற்றிலேயே பிடித்து விழுங்குகிறது. வேலைக்காரர்கள் எல்லாரும் வந்து போட்டுப் பார்க்கிறார்கள்.

வேண்டியதைக் கேள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.
வொல்ஃபெர்ட்


ஆம்ஸ்டர்டாம், 20 ஜூன்

அண்ணா, சுகம். கண்தான் எரிகிறது. நீங்கள் இருவரும்?

இருவாச்சி நிற்கிறது. உடைந்த தூணின்மேல், தலையைச் சாய்த்து. கொம்புக்கு நான்கு. அந்த நிறத்தைக் குழைத்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பச்சையும் சாம்பலுமாக இருந்த படத்தில் ஓர் அடுப்பு மூட்டியது போல.

சங்கத்துப் பெரியவர்கள் இருவர் பாதியில் பார்க்க வந்தார்கள்.

“இது என்னம்மா, மூக்குமேல மூக்கு?”

“கொம்புங்க.”

“கர்த்தர் இப்படியா படைப்பாரு?”

“எங்க அண்ணன் பக்கத்துல நின்னு பாத்து எழுதியிருக்கான்.”

“அண்ணன் குடிப்பானோ?”

சிரித்தார்கள். ஆனால் போகும்போது ஒருவர் வாசலில் திரும்பி நின்று அந்தச் சிவப்பையே பார்த்தார். எனக்கு அது போதும்.

கால் தெரியவில்லை எனக்கு. தூணை எப்படிப் பற்றும்? எத்தனை விரல், எவ்வளவு தடிமன், எந்த எண்? சீக்கிரம் எழுது. இமைமுடியைக் கடைசியாக வைத்திருக்கிறேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.
ஹில்லே


லெய்டன் அருகே, 24 ஜூலை

தங்கை ஹில்லேவுக்கு. இங்கே சுகம். உன் சுகத்துக்குப் பிரார்த்திக்கிறேன். தாமதத்தை மன்னி.

கால் விரல் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. என் கட்டைவிரல் தடிமன். எண் 13.

இறக்கையை விரித்து அளந்தேன். தோளிலிருந்து நுனி வரை என் கையின் நீளம் இருக்கிறது.

கொம்பின் எண்ணை மாற்றிக்கொள். 4 வேண்டாம். 11. மூக்கும் கொம்பும் முழுக்க 11.

மழை விடவில்லை.
வொல்ஃபெர்ட்


ஆம்ஸ்டர்டாம், 28 ஜூலை

அண்ணா,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பதினொன்றா? பதினொன்று என்பது பழைய மெழுகுவத்தியின் நிறம். ஏப்ரலில் மூன்று நாள் பார்த்து நான்கு என்றாய். ‘சந்தேகமே இல்லை’ என்று எழுதியிருக்கிறாய், தாள் என் முன்னால் இருக்கிறது. கொம்பு என்ன இலையா, பருவத்துக்குப் பருவம் நிறம் மாற? நோயா? வயதா? ஏதாவது ஒரு காரணம் எழுது. காரணமே இல்லாமல் ஒரு எண்ணை மட்டும் அனுப்புகிறாய்.

இறக்கையைத் தொட விடாது என்றாய். இப்போது விரித்து அளந்திருக்கிறாய். அவ்வளவு பழகிவிட்டதா? அப்படியானால் அதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? ஏப்ரல் கடிதத்தில் அது உன் கையில் தலை சாய்த்ததை எழுதியவன் நீதானே?

நானே வருகிறேன். கூண்டுக்கு இருபதடி தள்ளி நிற்பேன். ஸ்டோஃபெலிடம் சொல்லி வை.

அண்ணி சுகமா? நீ சுகமா? உண்மையாகவே கேட்கிறேன்.
ஹில்லே


லெய்டன் அருகே, 2 ஆகஸ்டு

தங்கைக்கு. சுகம்.

வராதே. ஸ்டோஃபெல் விடமாட்டார், எனக்கும் நல்லதல்ல.

நிறம் 11தான். நீ எழுதிய பிறகு மறுபடி மூன்று முறை சன்னலருகே வைத்துப் பார்த்தேன். இப்போது அசையாமல் நிற்கிறது, நன்றாகப் பார்க்க முடிகிறது. என் கண்ணை நீ நம்பலாம்.

காரணம் எனக்குத் தெரியாது.
வொல்ஃபெர்ட்


ஆம்ஸ்டர்டாம், 11 ஆகஸ்டு

அண்ணா,

வந்தேன். உனக்குத் தெரியும். குதிரை இழுக்கும் படகில் ஹார்லெம் வரை ஒரு கிழவனின் இருமல், அங்கிருந்து லெய்டன் வரை இரண்டு பாதிரிகளின் சண்டை. சேற்றில் ஒரு மணி நேர நடை. உங்கள் வாசலில் இதுதான் நடந்தது.

“யாரும்மா?”

“ஹில்லெகொண்டா. உங்க சுவத்துக்குப் படம் வரையறவ.”

“படம்தான் இங்க வரணும். நீ எதுக்கு வந்த?”

“பறவைய ஒரே ஒரு தடவ பாக்கணும்ங்க. தூரத்துலேர்ந்து போதும்.”

“அது தூங்குது.”

“பகல் ரெண்டு மணிக்கா?”

“வெளிநாட்டுப் பறவை. அதுக்கு இப்பதான் ராத்திரி.”

பின்னால் நின்ற சமையற்காரிகள் சிரித்தார்கள். கதவைச் சாத்தினார் ஸ்டோஃபெல். நாற்பது வயது மனிதர், தன் பேச்சைத் தானே ரசித்துக்கொண்டு போனார்.

வேலிக்கு மேல் உன் தொப்பி தெரிந்தது. நான் தெருமுனை திரும்பும் வரை அது அங்கேயே இருந்தது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கலாம்.

நேற்று நான்கைச் சுரண்டி எடுத்தேன். கத்தியால், அப்பாவின் கத்தியால். அந்த இடத்தில் பதினொன்றை வைத்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி முன் நின்று வேறொருத்தியைப் பார்ப்பது போலிருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்ப்பவன் நீ. உன் சொல்லை வைத்துத்தான் ‘உயிரைப் பார்த்து வரைந்தது’ என்று கையெழுத்திடப் போகிறேன்.

பதில் எழுது. நிறத்தைப் பற்றி இல்லாவிட்டாலும்.
ஹில்லே


ஆம்ஸ்டர்டாம், 22 அக்டோபர்

வொல்ஃபெர்ட்,

பத்து வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிறகு உன்னைச் சனிக்கிழமை அந்தத் தோட்ட அறையில் பார்த்தேன். நீ கதவோரம் நின்றாய். நடந்தது உனக்குத் தெரியும். என்றாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

என் படம் சுவரில் சாய்ந்திருந்தது. மேசைமேல் இருவாச்சி. வைக்கோல் அடைத்தது.

“போன வாரக் குளிர்ல போயிடுச்சு, பாவம்” என்றார் பெர்க்ஹௌட் ஐயா. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு படத்தைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார். “செத்ததுக்கே இவ்வளவு சிவப்பு இருக்கு. உயிரோட இருந்ததுக்கு நீ வச்சிருக்கிறது என்னம்மா, மெழுகுவத்தியா?”

விருந்தினர் பதினாறு பேர். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண்மணி விசிறிக்குள் சிரித்தாள்.

நான் மேசைக்குப் போனேன். கொம்பைத் தொட்டேன். விரலில் சிவப்பு ஒட்டியது. ஆளி எண்ணெய் வாசனை. சன்னல் கதவுக்குப் பூசும் சிவப்பு, அண்ணா. நான்காம் எண்கூட இல்லை!

“ஐயா, இது சாயம்” என்று விரலைக் காட்டினேன்.

“அவ விரல்ல என்னிக்குச் சாயம் இல்லாம இருந்துது?” என்றார் ஸ்டோஃபெல். “ஓவியக்காரிதானே.”

மறுபடி சிரிப்பு. நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் செருப்பைப் பார்த்தாய். உன் நகக்கண்ணில் அதே சிவப்பு.

காணாததைக் கண்டதாக எழுதி ஏமாற்றினேன் என்று சங்கத்துக்குப் புகார் போயிருக்கிறது. விசாரணை நவம்பர் பத்து. கூடவே ஸ்டோஃபெல் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்: ‘பறவையைப் பற்றிச் சரியாக விசாரிக்காமல் என் மனம்போல் வரைந்தேன்.’ கையெழுத்திட்டு, கொம்பைச் சிவப்பாக்கிக் கொடுத்தால் படத்தை வாங்கிக்கொள்வார்களாம், புகாரையும் திரும்பப் பெறுவார்களாம். அந்தத் தாள் இருக்கும்வரை எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் ஏறாது. அது அவருக்கும் தெரியும்.

ஒரே கேள்வி. அது எப்போது செத்தது?
ஹில்லெகொண்டா


லெய்டன் அருகே, 29 அக்டோபர்

அன்புள்ள தங்கை ஹில்லேவுக்கு, உன் அண்ணன் வொல்ஃபெர்ட் எழுதிக்கொண்டது. கர்த்தர் உனக்கு நல்ல சுகத்தையும் பொறுமையையும் தருவாராக. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கரியும் விறகும் இந்த வருஷம் போதுமான அளவு கொடுத்திருக்கிறார்கள். நேல்ட்ஜேவுக்கு ஐந்தாம் மாதம். எட்டு வருஷத்துக்குப் பிறகு. உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அவள்தான் கண்ணேறு படும் என்று தடுத்தாள். குளிர்காலம் முழுவதும் இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று ஸ்டோஃபெல் சொல்லியிருக்கிறார்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிடு ஹில்லே. ஒரு மூக்குதானே. ஒரு மத்தியான வேலை உனக்கு. சங்கத்தில் அடுத்த வருஷம் கேட்கலாம், நீ சின்னவள்.

அண்ணி உனக்கு முத்தம் அனுப்புகிறாள்.
வொல்ஃபெர்ட்


ஆம்ஸ்டர்டாம், 1 நவம்பர்

அண்ணா,

அண்ணிக்கு என் அன்பு. அவளுக்கு இந்தச் சண்டை எதுவும் தெரிய வேண்டாம். பேரிக்காயும் ஒரு கம்பளிப் போர்வையும் படகில் அனுப்பியிருக்கிறேன்.

இனி உனக்கு.

ஒரு மூக்கு இல்லை. நான் ஏழு மாதம் ஒரு மனிதனின் கண்ணை என் கண்ணாக வைத்திருந்தேன். செத்த பறவையை வரைவது எங்கள் தொழிலில் குற்றமா? அப்பா பாதிப் பறவைகளைக் கம்பி கட்டி நிறுத்தி வைத்துத்தான் வரைந்தார். செத்தால் தோல் கறுக்கும், கால் வெளுக்கும், கண் போகும். அதற்கெல்லாம் எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் எங்கள் படிப்பே. ‘செத்துவிட்டது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான்கை விட்டிருக்கவே மாட்டேன். ஒரே ஒரு வரி! நீ பாட்டுக்குப் பதினொன்று, பதினொன்று என்று எழுதினாய்.

அந்தச் சிவப்பைப் பறவை தினமும் தானே பூசிக்கொண்டது. வாலடி எண்ணெய். நீயே எழுதியிருக்கிறாய், உன் சட்டைக் கையில் அது இருந்தது. எனக்கு அது அந்தச் சனிக்கிழமை படகில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. தலைப்பாடமாகத் தெரிந்த கடிதம்.

உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தேதியும் எண்ணும் உன் கையெழுத்தில். அவற்றைச் சங்கத்து மேசையில் வைத்தால் நான் தப்பிப்பேன். உன் வீடு போகும். இந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது ஸ்டோஃபெல் இல்லை.

உண்மையை எழுது. பத்தாம் தேதிக்கு முன்னால் வேண்டும்.
ஹில்லே


லெய்டன் அருகே, 6 நவம்பர்

ஹில்லே, போர்வை வந்தது. நேல்ட்ஜே அழுதாள்.

ஜூலை நான்கு. இந்த வருஷத்தின் முதல் ஹெர்ரிங் மீன் வந்திருந்தது. ஸ்டோஃபெலும் அவருடைய நண்பர்கள் ஐந்து பேரும் தோட்டத்தில் உட்கார்ந்து தின்றார்கள். பறவை எதைப் போட்டாலும் காற்றில் பிடிக்கும் என்று காட்டினார். உப்பு மீன், வெங்காயத்தோடு. “வேணாங்க, அது பழம் திங்கறது” என்றேன். “புது ஹெர்ரிங் வேணாம்னு சொல்ற வாய் ஹாலந்துல உண்டா?” என்றார். ஏழு மீன். ஏழையும் பிடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். விடியும்போது தரையில் கிடந்தது, இமை பாதி மூடி.

முதலாளி வரும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்றார். தெரிந்தால் பறவைக்காரன் அஜாக்கிரதை என்று சொல்வேன் என்றார். லெய்டனில் ஒரு மருந்துக்காரர் அதைச் சாராயத்தில் கழுவி வைக்கோல் அடைத்தார். திரும்பி வந்தபோது சிவப்பு இல்லை. துணி அலமாரிக்குள் வைத்தார்கள். நீ கேட்ட எண்களுக்காக நான்தான் ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, சன்னலருகே வைத்து, உன் பட்டையைப் பிடித்துப் பார்த்தேன். பறவையைப் பற்றிப் பொய் சொன்னேன். நிறத்தைப் பற்றிப் பொய் சொல்ல வரவில்லை. பதினொன்றைப் பார்த்துக்கொண்டு நான்கு என்று எழுத முடியவில்லை. அதுவே உன்னைக் கெடுக்கும் என்று தோன்றவில்லை. முட்டாள்தனம்.

முதலாளி வரும் அன்று காலை சன்னல் சாயத்தை என் கையில் கொடுத்தார்கள். பூசினேன்.

கடிதங்களை எரித்துவிடு. இதையும். கெஞ்சிக் கேட்கிறேன். நேல்ட்ஜே இந்த நிலையில் எங்கே போவாள்?
உன் அண்ணன்


ஆம்ஸ்டர்டாம், 10 நவம்பர், காலை

அண்ணா,

நான் சுகம். தூங்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை நான்காம் தேதி என் குறிப்பேட்டில் ‘இமைமுடி’ என்றிருக்கிறது. காலைப் பற்றி உன் பதில் வராததால் அன்று முழுவதும் மூன்று முடித் தூரிகையால் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் யாருக்காக அழுவது என்று தெரியாமல் அந்தப் பறவைக்காக அழுதேன்.

எரிக்கவில்லை. ஸ்டோஃபெலின் தாளில் கையெழுத்தும் போடவில்லை. அடுப்பில் கரி எரிந்துகொண்டுதான் இருந்தது, உன் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். ஏழு மாத வேலையையும், படகையும், அந்தச் சிரிப்பையும் நான் செய்த பிழை என்று எழுதிக்கொடுக்க என் கை வரவில்லை. உனக்குப் பதினொன்றை நான்கென்று எழுத வராதது போல.

உன் கடைசிக் கடிதத்தையும் சேர்த்தே வைக்கப்போகிறேன். மற்றவற்றை மட்டும் வைத்தால் நீ வெறும் பொய்யன். இதில்தான் ஹெர்ரிங் இருக்கிறது, ஸ்டோஃபெல் இருக்கிறார், ‘வேணாங்க’ என்று நீ சொன்னதும் இருக்கிறது. அதற்காக நீ என்னை வெறுக்கலாம். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. அது இருக்கும்போதே சொல்கிறேன்: பட்டறைக்கு மேலே இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. படி செங்குத்து, அண்ணியைப் பிடித்து ஏற்றிவிட நான் இருப்பேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்புங்கள். அவர்கள் வீட்டை விட்டுப் போகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்க.
ஹில்லே

மாலை: இதை மடித்து லெய்டன் படகில் போடக் கொடுத்தேன் என்று நினைத்தேன், மேசையிலேயே இருந்தது. இப்போது அனுப்புகிறேன். சங்கத்தின் முடிவு இன்னும் வரவில்லை. காலையில் உன் ஐந்து கடிதங்களையும் தேதி வரிசையில் அடுக்கிச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். பத்து மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் வைத்தேன். உரக்கப் படிக்கச் சொன்னார்கள். முதல் கடிதத்திலிருந்து படித்தேன்.